தலைப்பிரட்டையின் வால்

நேயர்களுக்கு வணக்கம்.

பங்கில் இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல்தான் போடுகிறார்கள். "டீசலில் மட்டும் ஏன் சார் கலப்பதில்லை?" என்று கேட்காத ஆளில்லை. கேள்வி எளிது. பதிலுக்கு எஞ்சினுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் அழுத்துவதால் காற்று கொதிக்கும். அந்தச் சூட்டில் பீய்ச்சும் எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ள வேண்டும். எவ்வளவு சீக்கிரம் பற்றுகிறது என்று சொல்வது சீட்டேன் எண். நம் டீசலுக்கு அது 51. இரண்டு கார்பன் உள்ள ஆல்கஹாலான எத்தனாலுக்கு 10 தேறினால் பெரிது. அதே ஆல்கஹால் குடும்பத்தில் நான்கு கார்பன் உள்ள பியூட்டனாலுக்கு 20ஐ ஒட்டி வரும், எட்டு கார்பன் உள்ள ஆக்டனாலோ 40ஐ நெருங்கிவிடும்.

ஆல்கஹால் மூலக்கூறைத் தலைப்பிரட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தது தலை, கார்பன் சங்கிலி வால். சிலிண்டருக்குள் வெறிகொண்டு அலையும் தனி உறுப்புகள் (ஜோடியில்லாத எலக்ட்ரானோடு திரியும் மூலக்கூறுத் துணுக்குகள்) பெரும்பாலும் கடிப்பது தலையை ஒட்டிய கார்பனில் உள்ள ஹைட்ரஜனை. அங்கேதான் பிணைப்பு தளர்வு. கடிபட்ட இடத்துக்குக் காற்றின் ஆக்சிஜன் வரும். உடனே ஓர் ஆல்டிஹைடும், ஹைட்ரோபெராக்சில் என்கிற சோம்பேறித் துணுக்கும் மிஞ்சும். சுறுசுறுப்பானவன் போய் சோம்பேறி வந்தால் தீ எங்கே வளரும்?

வால் நீண்டால் கடி வாலிலும் விழும். அங்கே ஒட்டிய ஆக்சிஜன் கழன்று ஓடாது. வளைந்து அதே வாலில் இன்னொரு ஹைட்ரஜனைப் பறிக்கும், இரண்டாவது ஆக்சிஜனையும் சேர்த்துக்கொள்ளும். கடைசியில் எல்லாம் உடைகிறபோது, ஒன்று போன இடத்தில் இரண்டு மூன்று துணுக்குகள் சீறிக்கொண்டு கிளம்பும். டீசல் பற்றுவதும் இதே வழியில்தான்.

தலையைத் திட்ட வேண்டாம். அதிலுள்ள ஆக்சிஜன் ஒரு கார்பனைப் பிடித்துவைத்திருப்பதால் அந்தக் கார்பன் கரியாகச் சேராது. லாரிக்குப் பின்னால் ஸ்கூட்டரில் போகிறவருக்கு அது பெரிய விஷயம்.

சரி, இந்த வால் நீண்ட ஆல்கஹாலை எங்கிருந்து எடுப்பது? முதல் உலகப்போர்க் காலத்தில், மான்செஸ்டரில் வேலை பார்த்த வேதியியலாளர் சைம் வைஸ்மன், வெடிமருந்து செய்யத் தேவைப்பட்ட அசிட்டோனை ஒரு பாக்டீரியாவின் உதவியால் மாவுப்பொருளிலிருந்து எடுத்தார். (பின்னாளில் இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவர் ஆனவர் அவரேதான்.) அசிட்டோனைவிட இரண்டு மடங்கு பியூட்டனாலும் கூடவே வந்தது, அப்போது அதைச் சீண்டுவார் இல்லை. 2008இல் கலிஃபோர்னியாவில் ஜேம்ஸ் லியாவோ குழுவினர், சாதாரண ஈ. கோலை பாக்டீரியாவின் மரபணுக்களை மாற்றி, சர்க்கரையிலிருந்து ஐசோபியூட்டனால் (வால் கிளைவிட்ட பியூட்டனால்) செய்ய வைத்தார்கள்.

இடிக்கிற இடம் ஒன்றுண்டு. ஒயின் ஈஸ்ட் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு எத்தனாலிலும் தாக்குப்பிடிக்கும். பியூட்டனால் இரண்டு பங்கை எட்டும் முன்பே பாக்டீரியா சுருண்டுவிடும். எஞ்சினுக்குப் பிடித்த அதே வால், பாக்டீரியாவின் செல் சவ்வுக்குள் நுழைந்து சவ்வையே குலைத்துவிடுகிறது. வால் நீள நீள நஞ்சும் ஏறுகிறது.