டேட்டன்: நிலக்கரி ஊரின் நீதிமன்றம்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு அடுத்தபடியான நிர்வாகப் பிரிவுக்குக் கவுண்டி என்று பெயர். நம் மாவட்டத்தைப் போன்றது என்று சொல்லலாம். ஆனால் பல கவுண்டிகளில் வாழும் மக்களின் எண்ணிக்கை நம் ஊரில் ஒரு வட்டத்தில் வாழ்பவர்களின் எண்ணிக்கையைக்கூட எட்டாது. நீதிமன்றமும் பத்திரப் பதிவும் வரி வசூலும் எந்த ஊரில் இருக்கின்றனவோ, அந்த ஊர் கவுண்டியின் தலைமையூர் ஆகிறது. டென்னசி மாநிலத்தில் உள்ள ரே கவுண்டிக்கு அப்படித் தலைமையூராக இருப்பது டேட்டன். ஒருபுறம் வால்டன் மலைத்தொடரும் மறுபுறம் டென்னசி ஆறும் அமைந்த பள்ளத்தாக்கில், சட்டனூகா நகருக்கு வடக்கே இருக்கும் இந்த ஊரில் இன்று ஏறத்தாழ 7,000 பேர் வாழ்கிறார்கள்.

இந்த ஊரின் பெயரை உலகம் அறிந்தது 1925 ஜூலையில் நடந்த ஒரு வழக்கினால். பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததாக ஜான் ஸ்கோப்ஸ் என்ற பள்ளி ஆசிரியர் மீது தொடுக்கப்பட்ட அந்த வழக்கைப் பற்றிப் பேசாத அறிவியல் வரலாறு இல்லை. ஆனால், அது ஏன் இந்த ஊருக்கு வந்தது என்று கேட்பவர்கள் குறைவு. அதற்கான விடையை கிறிஸ்தவ வேதத்திலோ உயிரியலிலோ தேடுவதைவிட, மலையடிவாரத்து நிலக்கரிச் சுரங்கங்களில் தேடுவதே சரி என்று நான் கருதுகிறேன்.

ரே கவுண்டி 1807-இல் உருவாக்கப்பட்டது. அப்போது அதன் தலைமையூர் டேட்டன் அல்ல. ஆற்றோரத்தில் இருந்த வாஷிங்டன் என்ற சிற்றூர். டேட்டன் இருக்கும் இடத்துக்கு அந்நாளில் ஸ்மித் நாற்சந்தி என்றே பெயர். அமெரிக்காவின் வட, தென் மாநிலங்களுக்கிடையே நடந்த உள்நாட்டுப் போரின்போது இந்தக் கவுண்டியின் இளம்பெண்கள் சிலர் தென்மாநிலப் படைக்கு ஆதரவாகத் தங்களுக்குள் ஒரு குதிரைப்படைக் குழுவை அமைத்துக்கொண்டு, படையில் இருந்த தங்கள் வீட்டு ஆண்களுக்கு உணவும் உடையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 1865-இல் வடக்குப் படையினர் அவர்களைச் சிறைப்பிடித்துச் சட்டனூகாவுக்குக் கொண்டுசென்றார்கள். அங்கிருந்த தளபதி, அமெரிக்க அரசுக்கு விசுவாசமாக இருப்போம் என்ற உறுதிமொழியைப் பெற்றுக்கொண்டு அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இந்தக் கவுண்டியைப் பற்றி நான் படித்தவற்றில் மனத்தைவிட்டு அகலாத செய்தி இது.

பின்னர் ரயில் வந்தது. சின்சினாட்டியையும் சட்டனூகாவையும் இணைத்த இருப்புப்பாதை வாஷிங்டனை ஒதுக்கிவிட்டு நாற்சந்தி வழியாகச் சென்றது. மலையில் நிலக்கரி இருந்தது. இரும்பை உருக்குவதற்கு வேண்டிய மற்றப் பொருள்களும் அருகிலேயே கிடைத்தன. 1880-களில் பிரிட்டிஷ் முதலீட்டுடன் டேட்டன் கோல் அண்ட் அயர்ன் கம்பெனி தொடங்கப்பட்டு, உலைகள் எழுந்தன. ஆற்றோரத்து ஊர் தேய்ந்தது, இருப்புப்பாதை ஊர் வளர்ந்தது. 1890-இல் தலைமையூர் என்ற தகுதியும் டேட்டனுக்கு மாறியது. மறு ஆண்டே, செங்கல்லால் கட்டிய மூன்று மாடி நீதிமன்றம் ஒன்று உயர்ந்த கோபுரத்துடன் ஊர் நடுவில் எழுந்தது. அதன் இரண்டாம் தளத்தில் உள்ள விசாலமான கூடத்தைப் பார்க்கும் எவருக்கும், இத்தனை பெரிய கூடம் இத்தனை சிறிய ஊருக்கு எதற்கு என்று தோன்றும். தங்கள் ஊர் பெரிய நகரமாகப் போகிறது என்று நம்பியவர்கள் கட்டிய கூடம் அது.

அந்த நம்பிக்கை நெடுநாள் நீடிக்கவில்லை. 1895 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள்களே இருந்தபோது, சுரங்கம் ஒன்றில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டார்கள். அதன் பிறகும் உயிர்ப்பலிகள் தொடர்ந்தன. 1913-இல் நிறுவனமே நொடித்துப்போனது. உலைகள் அணைந்தன, வேலை தேடி மக்கள் வெளியேறினார்கள். 1890-களில் ஏறக்குறைய 3,000 பேர் இருந்த ஊரில் 1925-இல் எஞ்சியவர்கள் சுமார் 1,800 பேர்தான். சுற்றுவட்டாரத்தில் விளைந்த ஸ்ட்ராபெரிப் பழங்களை ரயிலேற்றி அனுப்பும் வணிகம்தான் ஓரளவு கைகொடுத்தது.

இந்த நிலையில்தான் 1925 மார்ச்சில், கிறிஸ்தவ வேதம் சொல்லும் படைப்பை மறுத்து, மனிதன் தாழ்ந்த விலங்கினத்திலிருந்து தோன்றினான் என்று அரசுப் பள்ளிகளில் கற்பிப்பதைத் தடைசெய்யும் பட்லர் சட்டத்தை டென்னசி மாநிலம் நிறைவேற்றியது. அந்தச் சட்டத்தை நீதிமன்றத்தில் சோதித்துப் பார்க்க முன்வரும் ஆசிரியருக்கு உதவுவதாக, குடிமக்கள் உரிமைகளுக்காகப் போராடும் அமைப்பான அமெரிக்கன் சிவில் லிபர்ட்டீஸ் யூனியன் அறிவித்த செய்தி, மே மாதத் தொடக்கத்தில் சட்டனூகா நாளிதழில் வெளிவந்தது. அதைப் படித்தவர் ஜார்ஜ் ராப்பல்யே என்ற பொறியாளர். பழைய நிறுவனத்தின் மிச்சசொச்சத்தை நிர்வகித்துவந்தவர் அவர்தான் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். இப்படியொரு வழக்கு நடந்தால் ஊருக்குக் கூட்டம் வரும், வணிகம் பெருகும், ஊர்ப் பெயர் செய்தித்தாளில் இடம்பெறும் என்று எண்ணி, அவர் ராபின்சனின் மருந்துக்கடைக்குப் போனார். சோடாவும் குளிர்பானமும் விற்கும் அந்தக் கடைதான் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசும் இடம். கடைக்காரர் ராபின்சன் பள்ளிக் குழுவின் தலைவராகவும் இருந்தார். பள்ளிப் பாடநூல்களும் அவர் கடையிலேயே விற்பனைக்கு இருந்தன. பரிணாமத்தை விளக்கும் உயிரியல் பாடநூல் அங்கே அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டப்பட்டது. அது மாநில அரசே அங்கீகரித்த நூல்! டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்த ஸ்கோப்ஸை ஆளனுப்பி அழைத்துவந்து, வழக்குக்கு இசைவாரா என்று கேட்டார்கள். 24 வயதான அவர் உயிரியல் ஆசிரியருக்குப் பதிலாகச் சில நாள்கள் மட்டுமே பாடம் எடுத்தவர், கால்பந்துப் பயிற்சியாளரும்கூட. அவர் இசைந்தார்.

வழக்கு ஜூலை 10-இல் தொடங்கி 21-இல் முடிந்தது. அரசுத் தரப்புக்கு உதவ வந்தவர், மும்முறை குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்ட வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். ஸ்கோப்ஸுக்காக வாதாட வந்தவர் சிகாகோ வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ. ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பேசும் எனக்கு அந்தக் கூடத்தில் மிகவும் பிடித்த காட்சி வேறு. சிகாகோவின் டபிள்யூ.ஜி.என். வானொலி நிலையம் ஒலிவாங்கிகளை அந்தக் கூடத்துக்குக் கொண்டுவந்தது. அவற்றுக்கு ஏற்றபடி இருக்கைகளே இடம் மாற்றி அமைக்கப்பட்டன. டேட்டனிலிருந்து சிகாகோ வரை தொலைபேசிக் கம்பியை வாடகைக்கு எடுத்து, குவின் ரயன் என்ற அறிவிப்பாளரின் வருணனையோடு விசாரணை நேரடியாக ஒலிபரப்பானது. அமெரிக்காவில் ஒரு நீதிமன்ற விசாரணை வானொலியில் நேரடியாகக் கேட்டது அதுவே முதல்முறை. ஜூரிகளோ, முக்கியமான வாதங்கள் நடந்தபோதெல்லாம் வெளியே அனுப்பப்பட்டார்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டிய பன்னிருவருக்குக் கிடைக்காத வாதங்கள், தொலைவில் இருந்த நகரத்துக் கூடங்களில் கேட்டுக்கொண்டிருந்தன.

ஜூலை 20 அன்று வெப்பம் தாளாமலும், கூட்டத்தின் பாரத்தைத் தளம் தாங்குமா என்ற அச்சத்தாலும் நீதிபதி ரால்ஸ்டன் விசாரணையை நீதிமன்றத்துப் புல்வெளிக்கு மாற்றினார். மரநிழலில், பலகை மேடை ஒன்றில், டாரோ பிரையனையே சாட்சியாக அமர்த்தி வேதத்தைப் பற்றிக் கேள்வி கேட்டது அங்கேதான். மறுநாள் ஜூரிகள் ஒன்பது நிமிடங்களில் ஸ்கோப்ஸ் குற்றவாளி என்றார்கள். 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஐந்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் உறக்கத்தில், அதே ஊரில் பிரையன் காலமானார். 50 டாலருக்கு மேற்பட்ட அபராதத்தை ஜூரிகளே விதித்திருக்க வேண்டும் என்ற காரணத்தால் 1927-இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது. பட்லர் சட்டமோ 1967 வரை நடைமுறையில் இருந்தது.

இந்த வழக்கைத் தழுவி எழுந்த நாடகமும் திரைப்படமும் ஆசிரியரைச் சிறையில் அடைத்துக் காட்டுகின்றன. ஊர் மக்களை வெறிகொண்ட கும்பலாகச் சித்திரிக்கின்றன. ஸ்கோப்ஸ் ஒரு நாள்கூடச் சிறையில் இருக்கவில்லை. பிழைப்புக்கு வழி தேடிய ஒரு நலிந்த ஊரை அறியாமையின் உருவமாக உலகம் நினைவில் வைத்திருப்பது அநியாயம் என்றே எனக்குப் படுகிறது. அந்தத் திரைப்படம் 1960-இல் டேட்டனில் திரையிடப்பட்டபோது, நிலவியலாளராகப் பணியாற்றிவந்த ஸ்கோப்ஸ் ஊருக்கு வந்தார். ஊரும் அவரை வரவேற்றது.

பிரையனின் பெயரில் 1930-இல் தொடங்கிய கல்லூரி மலைச்சரிவில் இன்றும் நடக்கிறது. 1947 முதல் ஸ்ட்ராபெரித் திருவிழா நடந்துவருகிறது. நீதிமன்றப் புல்வெளியில் 2005-இல் பிரையனுக்குச் சிலை வைத்தார்கள். எதிர்ப்புகளுக்கிடையே 2017-இல் அதே புல்வெளியில் டாரோவுக்கும் வைத்தார்கள். கீழ்த்தளத்தில் வழக்கைப் பற்றிய அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டாம் தளத்துக் கூடத்தில் ஜூலை மாதம் வந்தால் உள்ளூர்க்காரர்களே பிரையனாகவும் டாரோவாகவும் எழுந்து நின்று அன்றைய விசாரணையை மீண்டும் நடத்துகிறார்கள்.

நன்றி, வணக்கம்.