சாவி யார்கிட்ட?

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். மணி அடிக்கறதுக்குள்ள விஷயத்துக்கு வந்துடறேன்.

'சென்னைப் பறக்கும் ரயில் ஸ்டேஷன்கள் பாழாகக் காரணம் பயணிகளே'ன்னு முழங்கிட்டுப் போன எதிரணித் தம்பி, போற போக்குல ஒண்ணு சொன்னார். "எஸ்கலேட்டர் ஓடலைன்னா என்னங்க, அதுவும் படிதானே! ஏறினா தொப்பை குறையும்." நீங்களும் கை தட்டினீங்க. தட்டினவங்க யாரும் திருமயிலை ஸ்டேஷன்ல ஏறினதில்லைன்னு நல்லாத் தெரியுது.

தம்பி, அது படி இல்ல. ஒழுங்காக் கட்டின மாடிப்படி உயரம் 15 சென்டிமீட்டர். எஸ்கலேட்டர் படி 20க்கு மேல. மூணு படி ஏறினா நாலு படி ஏறின மூச்சு வாங்கும். அதையாவது பொறுத்துக்கலாம். ஆரம்பத்துலயும் முடிவுலயும் ரெண்டு மூணு படி ஒரே உயரத்துல இருக்காது. தரையோட தரையாக் கிடந்து கொஞ்சம் கொஞ்சமா உயரும். ஓடுறப்ப அது வசதி. நின்னுபோச்சுன்னா, கால் ஒரு உயரத்தை எதிர்பார்க்கும், படி வேற உயரத்தைக் காட்டும். தடுக்கி விழறது அங்கதான்!

சரி, ஏன் நிக்குது? பல நேரம் பழுதே கிடையாதுங்க. ஒரு வாண்டு சிவப்பு பட்டனைப் பார்க்கறான். அமுக்கறான். நின்னுடுச்சு. பயந்துபோய் மறுபடி அமுக்கறான். ஓடாது! ஆள் வந்து, படியில யாரும் இல்லைன்னு பார்த்து, சாவி போட்டாத்தான் கிளம்பும். பாதுகாப்புக்கு அப்படி வச்சிருக்கான். இப்ப சாவி யார்கிட்ட? கவுன்டர்ல கேட்டா, "மாஸ்டரைக் கேளுங்க." மாஸ்டர், "அது எலக்ட்ரிகல் செக்‌ஷன்." எலக்ட்ரிகல், "அது கான்ட்ராக்ட்." கான்ட்ராக்ட் ஆளுக்கு போன் போட்டா, "சார், ரயில்லதான் வந்துட்டிருக்கேன்!" வந்துட்டார். சாவி கையில இருக்கு. சாவித் துவாரம் கீழே, அவர் நிக்கறது மேலே பிளாட்பாரத்துல. இறங்கணும்னா? எஸ்கலேட்டர் ஓடலையே!

நடுவரே, நீங்களே சிரிச்சா எப்படி?

நிஜப் பழுதும் உண்டு. படி உள்ளே போற இடத்துல சீப்புத் தகடு இருக்கும். சின்ன ஜல்லி மாட்டினாலும் பல் உடைஞ்சு சுவிட்ச் விழுந்து மெஷின் நின்னுடும். மாத்த வேண்டியது அந்தப் பல்லுத் துண்டு மட்டும். அடிக்குழியில மழைத்தண்ணி தேங்கினா சங்கிலி துருப்பிடிக்கும். அதுக்கு வைத்தியம் மெஷின்ல இல்ல, ஒழுகற கூரையில.

"சுவர்ல துப்பறது யாரு?"ன்னும் எதிரணித் தம்பி கேட்டார். பயணிதான், ஒத்துக்கறேன். ஆனா 2015ல இதே ஊர்ல மெட்ரோ வந்துச்சு. அதே ஜனம், அதே வெத்தலை, அதே வாய். அங்க சுவர் ஏன் சிவக்கல? அங்க வெளிச்சம் இருக்கு, பார்க்க ஆள் இருக்கு, உடனே துடைக்கறாங்க. ஈரத்தோட கழுவினா போயிடற கறை, பூசாத சிமென்ட்ல காய்ஞ்சா உள்ளே இறங்கிடும். அப்புறம் ஆசிட்டுக்கும் அசையாது.

 

சேப்பாக்கம் பறக்கும் ரயில் ஸ்டேஷன்ல இறங்கினா பக்கத்துல கோஷா ஆஸ்பத்திரி, பெண்களுக்கான அரசு ஆஸ்பத்திரி. மாசமா இருக்கற ஒரு பொண்ணு, ஸ்கேன் எடுத்துட்டுத் திரும்பறா. லிஃப்டும் அன்னிக்கு ஓடலைன்னு வைங்க. ஒரு கை கைப்பிடியில, இன்னொரு கை வயித்துல. பின்னாடி அவ அம்மா, ஃபைலும் தண்ணி பாட்டிலுமா, "மெதுவாம்மா, மெதுவா"ன்னுட்டு வர்றாங்க. பாதி ஏறறப்ப மேல ரயில் வந்து நின்னு கிளம்பற சத்தம். அந்த அம்மா முகத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.

நடுவரே, அந்தப் பொண்ணா பட்டனை அமுக்கினா? அவளா சுவர்ல துப்பினா? டிக்கெட் வாங்கிட்டுத்தானே வந்தா? அவ பேர்ல பழியைப் போட்டுத் தீர்ப்பு எழுதிடாதீங்க. நன்றி, வணக்கம்.