காய்கறி இருக்க வேண்டிய இடத்தில் மாத்திரை நிற்காது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நேரம் ஒதுக்கி வந்து உட்கார்ந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

உடற்பயிற்சி செய்பவரின் உணவில் பழம், காய்கறிக்குப் பதிலாக மல்டிவைட்டமின் மாத்திரை போதுமா என்பது தலைப்பு. போதாது என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் நான்கு விஷயங்களை அடுக்கினார். மாத்திரையில் எந்தச் சத்து எத்தனை மில்லிகிராம் என்று அச்சடித்திருக்கிறது, காயில் அப்படி ஒரு கணக்கு கிடையாது என்றார். வேலைக்கும் போய் ஜிம்முக்கும் போகிறவனுக்குக் காய் நறுக்க நேரமில்லை என்றார். பழத்தில் இருப்பது சர்க்கரை, கொழுப்பைக் குறைக்கும் மாதங்களில் அது ஆகாது என்றார். கடைசியாக, இன்றைய காய்கறிகளில் பழைய சத்து இல்லை என்றார். நான்குக்கும் வருகிறேன், எதையும் தட்டிக்கழிக்கப் போவதில்லை.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரையே வீண் என்று எங்கள் அணி சொல்லவில்லை. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்ணுக்கு தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தேவை, பாலும் முட்டையும்கூடத் தொடாதவருக்கு பி12 வெளியிலிருந்து வந்தாக வேண்டும், ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவாக இருந்தால் மருத்துவர் சொல்கிறபடி எடுத்துக்கொள்ள வேண்டும். இதிலெல்லாம் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் இந்த உதாரணங்களை எல்லாம் நன்றாகப் பாருங்கள், ஒன்றில்கூட மாத்திரை காய்கறியை வெளியே அனுப்பிவிட்டு உள்ளே வரவில்லை. இன்று நாம் வழக்காடுவது "பதிலாக" என்ற ஒரு சொல்லைப் பற்றி.

அந்தப் "பதிலாக" என்பதை நான் செய்து பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் எடையைக் குறைக்க வேண்டும் என்று ஒரு பயிற்சியாளரிடம் போனபோது, அவர் கோழி, முட்டை, புரோட்டீன் பவுடர் என்று பட்டியல் போட்டுக் கொடுத்து, காய்கறி எங்கே என்று கேட்டதற்கு "அதுக்குத்தான் மல்டிவைட்டமின் இருக்கே" என்றார். நான்கு மாதம் அப்படியே சாப்பிட்டேன். மூன்றாவது வாரத்திலேயே மலச்சிக்கல் ஆரம்பித்துவிட்டது. இரவு பத்து மணிக்கு மேல் வருகிற பசி தாங்க முடியாததாக இருந்தது, கணக்குப்படி கலோரியும் புரதமும் சரியாகத்தான் இருந்தன, ஆனால் வயிறு அதை ஏற்கவில்லை. தினமும் தவறாமல் மாத்திரை போட்டேன், சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போனது, அது ரிபோஃப்ளேவின் என்ற பி2 வைட்டமினின் மிச்சம், உடலுக்குத் தேவைப்படாததால் வெளியே போகிறது. என்னிடம் குறைந்துபோனது வைட்டமின் இல்லை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

எது குறைந்தது? முதலில் நார்ச்சத்து. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து, அதுவும் உணவில் இயல்பாகவே இருக்கும் நார்ச்சத்து வேண்டும் என்கிறது. ஒரு மாத்திரையின் மொத்த எடையே ஒன்றிரண்டு கிராம்தான். இருபத்தைந்து கிராமை அதற்குள் எங்கே வைப்பது? நார்ச்சத்து வெறுமனே வயிற்றைச் சுத்தம் செய்கிற துடைப்பம் என்று நினைக்கிறோம், அது பாதி உண்மைதான். பெருங்குடலில் இருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களுக்கு அதுதான் சாப்பாடு. அவை அதை நொதிக்க வைத்து பியூட்டிரேட் போன்ற சிறிய கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன, குடலின் உள்சுவர் செல்களுக்கு முக்கியமான எரிபொருளே அந்த பியூட்டிரேட்தான். நாம் புரதத்தை மட்டும் அள்ளிப்போட்டுக்கொண்டு குடலைப் பட்டினி போட்டால், கண்ணாடியில் தெரிகிற தசைக்காக, கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரிய உறுப்பை அலட்சியம் செய்கிறோம் என்று அர்த்தம்.

அப்புறம் பொட்டாசியம். தசை சுருங்கி விரிவதற்கும் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருப்பதற்கும் வேண்டிய தாது. பெரியவர்களுக்குத் தினம் குறைந்தது 3510 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. எதிரணி நண்பர் அச்சடித்த எண்ணை நம்பச் சொன்னார் அல்லவா, சரி, உங்கள் டப்பாவைத் திருப்பி அந்த எண்ணைப் படியுங்கள். பொட்டாசியம் என்ற வரி இருந்தால், பெரும்பாலும் 99 மில்லிகிராமோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும். செறிவான பொட்டாசியம் மாத்திரைகள் சிறுகுடலைப் புண்ணாக்கிய அனுபவம் இருப்பதால் தயாரிப்பாளர்கள் அதற்கு மேல் போவதில்லை. நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 400 மில்லிகிராம் இருக்கிறது, அது யார் குடலையும் புண்ணாக்குவதில்லை.

மூன்றாவது, உடற்பயிற்சி செய்கிறவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியது. பீட்ரூட்டிலும் பசலைக்கீரையிலும் நைட்ரேட் இருக்கிறது. அது வைட்டமின் இல்லை, தாது உப்புப் பட்டியலிலும் வராது, அதனால் மல்டிவைட்டமினில் அதற்கு இடமே இல்லை. நாம் அதைச் சாப்பிட்டால் ரத்தத்தில் கலந்து எச்சில் வழியாகத் திரும்ப வாய்க்கு வருகிறது, நாக்கில் இருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது, உடல் அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கிறது, ரத்தக் குழாய்கள் தளர்கின்றன, அதே வேகத்தில் ஓட அல்லது சைக்கிள் மிதிக்கக் கொஞ்சம் குறைவான ஆக்சிஜன் போதும் என்ற நிலை வருகிறது. கிருமிநாசினி கலந்த வாய்க்கொப்பளிப்பானைப் பயன்படுத்தி அந்தப் பாக்டீரியாவைக் கொன்றால் இந்தப் பலன் பெருமளவு மங்கிவிடுகிறது. 2018-இல் சர்வதேச ஒலிம்பிக் குழு, விளையாட்டு வீரர்களுக்கான துணை உணவுகளை, அதாவது சப்ளிமென்ட்டுகளை, அலசி ஓர் அறிக்கை வெளியிட்டது. திறனை நேரடியாக உயர்த்துவதற்கு நல்ல ஆதாரம் உள்ளவை என்று அது சொன்ன சிறு பட்டியலில் காஃபீன், கிரியேட்டின் ஆகியவற்றுடன் இந்த நைட்ரேட்டும் இருக்கிறது. மல்டிவைட்டமின் அந்தப் பட்டியலில் இல்லை.

இப்படி இன்னும் எத்தனை இருக்கும்? வரலாற்றைக் கொஞ்சம் பாருங்கள். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஸ்கர்வி நோயால் ஈறு அழுகிக்கொண்டிருந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர்தான் வேகமாகத் தேறினார்கள். "வைட்டமின்" என்ற கருத்துக்கு காசிமிர் ஃபங்க் பெயர் வைத்ததோ 1912-இல். பெயர் வைப்பதற்கு 165 வருடம் முன்னாலேயே பழம் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. மாத்திரை என்பது இதுவரை நாம் கண்டுபிடித்துப் பெயர் வைத்து, மலிவாகத் தயாரிக்கவும் கற்றுக்கொண்டவற்றின் பட்டியல்தானே? தோலோடு உள்ள 100 கிராம் ஆப்பிளில் வைட்டமின் சி வெறும் 5.7 மில்லிகிராம்தான், ஆனால் சோதனைக் குழாயில் அதன் ஆன்டிஆக்சிடன்ட் திறன், அதாவது செல்களைச் சேதப்படுத்தும் பொருள்களை அடக்கும் திறன், 1500 மில்லிகிராம் வைட்டமின் சி-க்குச் சமமாக இருந்தது என்று 2000-இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் எழுதினார்கள். சோதனைக் குழாய் வேறு, உடம்பு வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்தப் பழத்தில் வேலை செய்கிற பெரும்பகுதி லேபிளில் வருகிற பெயர் இல்லை என்பது அதிலிருந்து தெரிகிறது அல்லவா?

ஆன்டிஆக்சிடன்ட் என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லியாக வேண்டும், எனக்கு இந்தத் தலைப்பில் மனதை மிகவும் உறுத்துகிற விஷயம் இதுதான். கடுமையாகப் பயிற்சி செய்யும்போது தசைகளில் ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற, செல்களைச் சேதப்படுத்தக்கூடிய பொருள்கள் உருவாகின்றன, அவற்றை அடக்க வைட்டமின் சி, இ மாத்திரை போட வேண்டும் என்று ஜிம்களில் சாதாரணமாகச் சொல்கிறார்கள். 2009-இல் ஜெர்மனியில் மிக்கேல் ரிஸ்டோ குழுவினர் இளைஞர்களை நான்கு வாரம் பயிற்சி செய்ய வைத்து, பாதிப் பேருக்கு தினம் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 யூனிட் வைட்டமின் இ-யும் கொடுத்தார்கள். மாத்திரை போடாதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது, அதாவது பயிற்சியின் முக்கியமான பலன் கிடைத்தது. மாத்திரை போட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2014-இல் நார்வேயில் 11 வாரம் நடந்த இன்னொரு ஆய்விலும் சி, இ மாத்திரை போட்டவர்களின் தசையில், செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுவதற்கான அடையாளம் மங்கியிருந்தது. ஓடும் திறனில் இரு குழுவுக்கும் வித்தியாசம் வரவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பயிற்சி தருகிற அந்தச் சிறு நெருக்கடிதான் "இன்னும் பலமாக மாறு" என்று தசைக்குப் போகிற செய்தி, அந்தச் செய்தியைப் பெரிய அளவு மாத்திரை வழியிலேயே அணைத்துவிடுகிறது என்பதே ரிஸ்டோ தந்த விளக்கம். சாதாரண மல்டிவைட்டமினில் இவ்வளவு இருக்காது என்று எதிரணி சொல்லலாம், சரிதான், ஆனால் உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கென்றே பெரிய டப்பாவில் விற்கிறவற்றில் தினசரித் தேவையைப் போலப் பல மடங்கு சேர்த்திருப்பதைப் பெருமையாகவே அச்சிடுகிறார்கள். ஆரஞ்சு தின்று ஆயிரம் மில்லிகிராமை எட்ட வேண்டுமானால் ஒரே நாளில் பதினைந்து பழமாவது வேண்டும். வயிறே போதும் என்று சொல்லிவிடும்.

பழத்துக்கும் கேரட்டுக்கும் நிறம் தரும் பீட்டா கரோட்டினைத் தனியாகப் பிரித்து மாத்திரையாகக் கொடுத்த கதையும் இருக்கிறது. காய்கறி அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு, காரணம் பீட்டா கரோட்டினாக இருக்கும் என்று நம்பி, பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து ஆய்வு செய்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்த இதே போன்ற ஆய்வை 1996-இல் பாதியிலேயே நிறுத்த வேண்டி வந்தது. புகைபிடிக்காதவருக்கு இது அப்படியே பொருந்தாதுதான். ஆனால் காயிலிருந்து ஒரு பொருளைப் பிடுங்கி எடுத்து, "இதுதான் அந்தக் காய்" என்று சொன்னால் என்ன நடக்கலாம் என்பதை உலகம் ஒருமுறை பார்த்துவிட்டது.

பழத்துச் சர்க்கரைக்கு வருகிறேன். 100 கிராம் ஆப்பிளில் சுமார் 10 கிராம் சர்க்கரை, 52 கலோரி. அது செல் சுவர்களுக்குள் நீரோடும் நாரோடும் பூட்டிக்கிடக்கிறது, மென்றுதான் எடுக்க வேண்டும். 2009-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது, மதிய உணவுக்கு முன் முழு ஆப்பிளைத் துண்டுகளாகச் சாப்பிட்டவர்கள், எதுவும் சாப்பிடாமல் வந்தபோது உண்டதைவிட மொத்தத்தில் 15 சதவீதம் குறைவான கலோரியே உண்டார்கள், அந்த ஆப்பிளின் கலோரியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆப்பிள் ஜூஸுக்கு அந்தச் சக்தி இல்லை. ஜூஸில் நார்ச்சத்தைத் தனியாகக் கலந்து கொடுத்தும் பார்த்தார்கள், அப்போதும் முழுப் பழத்துக்கு ஈடாகவில்லை. கொழுப்பைக் குறைக்கிறவனுக்கு எதிரி பசி. 100 கிராம் வெள்ளரிக்காய் 15 கலோரி, தட்டு நிறையத் தின்றாலும் கணக்கு மீறாது. நான் இரவில் பசியோடு புரண்டுகொண்டிருந்த அந்த நான்கு மாதத்தில் இது எனக்குத் தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

காய்கறியில் சத்து குறைந்துவிட்டது என்றார்கள். 1950-க்கும் 1999-க்கும் இடையில் 43 தோட்டப் பயிர்களை ஒப்பிட்ட ஓர் அமெரிக்க ஆய்வு 2004-இல் வந்தது, எதிரணி சொல்வது அனேகமாக அதைத்தான். பார்த்த 13 சத்துகளில் ஆறு குறைந்திருந்தன, மற்ற ஏழில் நம்பத்தக்க மாற்றம் இல்லை. குறைந்தது உண்மையென்றால் இன்னும் ஒரு கை காய் கூடச் சாப்பிட வேண்டும், உள்ளதையும் விட்டுவிடுவது எப்படித் தீர்வாகும்?

அந்த அச்சடித்த எண்ணைப் பற்றி இன்னொன்று. 2000, 2001-ஆம் ஆண்டுகளில் 13 நாடுகளில் வாங்கிய 634 துணை உணவுகளை ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் சோதித்தது, 94-இல் லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு சேர்மங்கள் இருந்தன. போட்டிக்குப் போகிற வீரருக்கு அது ஊக்கமருந்து வழக்கு.

நேரம் இல்லை என்பதுதான் எதிரணியின் நான்கில் எனக்கு மனதார இரக்கம் வருகிற வாதம். ஆனால் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பழம், காய்கறியின் குறைந்தபட்ச அளவு ஒரு நாளைக்கு 400 கிராம்தான். ஒரு ஆப்பிள், ஒரு வாழைப்பழம், ஒரு கேரட், ஒரு தக்காளி, அவ்வளவிலேயே அது ஏறக்குறைய வந்துவிடுகிறது, நான்கில் எதற்கும் அடுப்பு வேண்டாம். உறையவைத்த காய்கறி வாங்கி வைத்தால் நறுக்கும் வேலையும் இல்லை, சத்தும் பெரிதாகப் போவதில்லை. புரோட்டீன் பவுடரைக் குலுக்கி, டப்பாவைக் கழுவிக் கவிழ்க்கிற நேரத்தில் இரண்டு பழம் சாப்பிட்டுவிடலாம்.

மணி அடித்துவிட்டது, அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரு கேள்வியை வைத்துவிட்டு அமர்கிறேன். 2024-இல் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவன ஆய்வாளர்கள் ஏறக்குறைய 3 லட்சத்து 90 ஆயிரம் ஆரோக்கியமான பெரியவர்களை இருபது வருடத்துக்கும் மேலாகத் தொடர்ந்து பார்த்த தகவல்களை வெளியிட்டார்கள், தினமும் மல்டிவைட்டமின் போட்டவர்களின் ஆயுள் அதனால் கூடவில்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்கள் கொண்டுவந்து மேசை மேல் வைத்திருக்கும் அந்த டப்பாவை எடுத்து, நார்ச்சத்து என்ற வரியை மட்டும் சபைக்கு வாசித்துக் காட்டுவீர்களா?