ராஃபிள்ஸ் ஹோட்டலில் உப்பிட்டவர்கள்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, எனக்கு முன்பு சுருக்கமாகவும் சுவையாகவும் பேசி அமர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களே, நூலக அதிகாரி அவர்களே, பள்ளி முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கு வந்திருக்கும் தமிழாசிரியர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே, அனைவருக்கும் என் வணக்கம். பொன்னாடை போர்த்திய செயலாளர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. இம்மண்டபத்தின் குளிருக்கு அது இப்போதே பயன்பட்டுக்கொண்டிருக்கிறது.

சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஹோட்டலின் வரலாறு, அதன் வசதிகள், அதன் கட்டடக்கலை ஆகிய மூன்றையும் பேசுவதாக அழைப்பிதழில் அச்சாகியிருக்கிறது. எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் நான் ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்ற பழமொழியில்தான் வந்து நிற்பேன் என்பது இச்சங்கத்தார் அறிந்ததே. அறிந்தே அழைத்திருக்கிறார்கள், ஆகவே பழி என்னுடையது மட்டுமன்று.

1887 டிசம்பர் 1 அன்று, பீச் ரோட்டில் அல்சகோஃப் குடும்பத்தாருக்குச் சொந்தமான பத்து அறைகள் கொண்ட பங்களா ஒன்றில், ஆர்மீனியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள் இந்த ஹோட்டலைத் திறந்தார்கள். பினாங்கில் ஏற்கெனவே ஹோட்டல் நடத்திக் கை தேர்ந்தவர்கள் அவர்கள். பின்னாளில் ரங்கூனில் ஸ்டிராண்ட் ஹோட்டலையும் தொடங்கினார்கள். அன்று வாசலுக்கு எதிரே கடல். இன்று அந்தக் கடல் தூர்க்கப்பட்டு, நிலமாகி, அதன்மேல் கட்டடங்களும் எழுந்துவிட்டன. சாலையின் பெயரில் மட்டும்தான் கடற்கரை மிச்சமிருக்கிறது. நாம் இன்று படங்களில் காணும் மூன்று மாடி வெள்ளை மாளிகை 1899இல் எழுந்தது. அதை வரைந்தவர் ஸ்வான் அண்டு மக்லாரன் நிறுவனத்தின் பிட்வெல். கட்டடக்கலையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வசதி என்றால் அந்நாளில் மின்விளக்கும் மின்விசிறியும்தான். புதிய மாளிகைக்கு அவை வந்தபோது சிங்கப்பூரே வியந்தது. இன்று அங்கே சாதாரண அறை என்று ஒன்று கிடையாது. வரவேற்புக் கூடமும் உயரமான விதானமும் தேக்குத் தரையும் தாழ்வாரமுமாக எல்லாமே தொகுதி அறைகள். லாங் பார் என்னும் மதுக்கூடத்தில் வேர்க்கடலை உடைத்துத் தோலைத் தரையிலேயே போடலாம். வீட்டில் செய்தால் அடி விழும், அங்கே அது மரபு. அந்தக் கூடத்தில் தலையை நிமிர்த்திப் பாருங்கள். ஓலை விசிறிகள் வரிசையாக, ஒரே தாளத்தில் அசைந்துகொண்டிருக்கும். மோட்டார் அசைக்கிறது. ஒரு காலத்தில் பங்கா என்னும் தொங்குவிசிறி என்றால் அதன் கயிற்றின் மறுமுனையில் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். விசிறியை அழகுக்காக வைத்துக்கொண்டோம், ஆளை விட்டுவிட்டோம்.

புலிக்கதையைச் சொல்லாமல் இறங்கினால் பின்வரிசை என்னை விடாது. 1902இல், பீச் ரோட்டில் நடந்த காட்சியிலிருந்து தப்பிய புலி ஒன்று, ஹோட்டலின் பில்லியர்ட்ஸ் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. மேசைக்கு அடியில் புலி படுத்திருந்தது என்று சொல்வார்கள். நானும் பல மேடைகளில் அப்படியே சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன், மன்னியுங்கள். உண்மையில் அந்தக் கூடம் தூண்களின்மேல் தரையிலிருந்து உயர்த்திக் கட்டப்பட்டிருந்தது; புலி பதுங்கியது தரைக்கு அடியில். யாரை அழைப்பது? போலீசையா, பட்டாளத்தையா? பள்ளித் தலைமையாசிரியரை அழைத்தார்கள். தமிழாசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ராஃபிள்ஸ் கல்விக்கூடத்தின் தலைமையாசிரியர் பிலிப்ஸ் குறி பார்ப்பதில் பேர்போனவர். முதல் நாள் இரவு ஆளுநர் மாளிகை விருந்துக்குப் போய்வந்த களைப்போடு துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சில குண்டுகள் தூண்களுக்குப் போயின. கடைசியில் இருட்டில் இரண்டு கண்கள் மின்ன, அங்கே சுட்டார், புலி விழுந்தது. சுட்டவரின் பெயரை நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் சொல்கிறோம். அன்று அந்தக் கூடத்தைக் கூட்டிப் பெருக்கி, மறுநாள் விளையாட்டுக்குத் தயார் செய்தவர் எந்த ஊர்க்காரர், என்ன சம்பளம் வாங்கினார் என்று கேட்டால் கதை அங்கேயே நின்றுவிடுகிறது.

பிறகு 1931இல் பொருளாதார மந்தத்தில் சார்க்கீஸ் நிறுவனம் நொடித்தது. ஜப்பானியர் ஆட்சியில் ஹோட்டலுக்கு ‘ஷோனான் ரியோகான்’ என்று பெயர் மாறியது. 1987இல் தேசிய நினைவுச்சின்னமானது, 1989 முதல் 1991 வரை பழுது பார்க்கப்பட்டது, மீண்டும் ஒரு புதுப்பிப்புக்குப் பின் 2019இல் கதவு திறந்தது. இவையெல்லாம் எழுதப்பட்டுவிட்டன. வந்து தங்கிய பிரமுகர்களின் பட்டியலும் அப்படியே. அதை நான் ஏன் திரும்பப் படிக்க வேண்டும்?

தொழிலாளர் பட்டியலில் ஒரு பெயர் மட்டும் தப்பியிருக்கிறது. ‘சிங்கப்பூர் ஸ்லிங்’ என்ற கலவை மதுவை 1915இல் உருவாக்கியவர் என்று ஹோட்டலே பெருமையோடு சொல்லும் ஹைனான் சீன ஊழியர் ஙியாம் தோங் பூனின் பெயர் அது. ஜின், செர்ரி பிராந்தி, அன்னாசிச் சாறு என்று கலந்த அந்தக் கோப்பை அவர் பெயரைக் காப்பாற்றியது. வெளுத்த துணிக்குக் கோப்பை ஏது? ‘டோபி காட்’ என்ற இடத்தில் துவைத்து உலர்த்திய இந்தியச் சலவைத் தொழிலாளர்களின் நினைவு ஒரு ரயில் நிலையத்தின் பெயராக இருக்கிறது. ஆளின் பெயராக இல்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமென்றால், முதலில் உப்பிட்டவர் யார் என்று தெரிய வேண்டாமா? முதலாளி உப்புக்குக் காசு கொடுத்தவர். இட்டவர் சமையலறையில் நின்றவர்.

எங்கள் புளோக்கில் ஒரு பெரியவர் இருக்கிறார். இளமையில் ஒரு பெரிய ஹோட்டலில் மேசைவிரிப்புகளுக்கு இஸ்திரி போட்டவர். இன்றைய அழைப்பிதழை அவரிடம் கொடுத்தேன். படிக்கவில்லை, பேசிக்கொண்டே மூன்றாக மடித்து, கட்டைவிரல் நகத்தால் ஓரத்தை இரண்டு முறை நீவி, விசிறிபோல் மேசைமேல் நிறுத்திவிட்டார். கஞ்சி போட்ட துணியானால் ராத்திரி முழுக்க நிற்கும் என்றார். அந்தக் கைக்கணக்கு எந்த ஏட்டிலும் கிடையாது.

தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பணி 1979இல் தொடங்கியது. தமிழில் சொல்ல ஆள் இருக்கும்போது பதிவு செய்யும் வேலையில் நாமும் தோள் கொடுக்க வேண்டும் என்பதே சில ஆண்டுகளாக நான் கரடியாகக் கத்திவருவது. நூலக அதிகாரி இங்கே இருப்பதால் இன்று சற்று உரக்கவே கத்துகிறேன்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கட்டடக்கலை இன்னொரு நாளைக்கு. வாசலருகே மேசையில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஹோட்டலில் வேலை பார்த்த மூத்தவர் இருந்தால், எந்த ஹோட்டல், என்ன வேலை, எந்த நேரத்தில் பேச வசதிப்படும் என்று எழுதிவிட்டுப் போங்கள். பதிவுக் கருவியோடு நான் வருகிறேன்.