நாற்பது வயதுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்

விழாத் தலைவர் அவர்களே, ஷிப்டு முடிந்த கையோடு சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருக்கும் தோழர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த சிறுதொழில் சங்க நிர்வாகிகளே, அரசு ஐ.டி.ஐ. முதல்வர் அவர்களே, தேநீர் ஏற்பாட்டைக் கவனித்த மகளிர் குழுச் சகோதரிகளே, வணக்கம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலர் அம்மையாருக்குத் தனியாக ஒரு நன்றி. நாற்பதைத் தாண்டிய தொழிலாளிக்கும் ஷிப்டு இல்லாத நேரத்தில் தொழில் வழிகாட்டுதல் வேண்டும் என்ற இன்றைய கோரிக்கை தம் அலுவலகத்தைப் பற்றியது என்று தெரிந்தும் வந்து மேடையில் அமர்ந்திருக்கிறார். அந்தப் பெருந்தன்மைக்குத் தலைவணங்குகிறேன்.

மூன்று செய்திகள் சொல்ல வேண்டும். எந்தப் பயிற்சியில் சேருவது, கையில் என்னென்ன தாள்கள் இருக்க வேண்டும், குழந்தை வளர்ப்புக்காக வேலையை விட்ட பெண்கள் திரும்பி வருவது எப்படி.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இருப்பவன் முதலில் காலைத்தான் விடுகிறான். அம்பத்தூர் பட்டறை ஒன்றில் ஒரு டர்னர், அதாவது லேத் என்ற கடைசல் மெஷின் ஓட்டுபவர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சாதாரண லேத்தில் கைதேர்ந்தவர். 50 மில்லிமீட்டர் மைல்ட் ஸ்டீல் தண்டு, ஹெச்.எஸ்.எஸ். என்ற கடின எஃகு டூல், வெட்டு வேகம் நிமிடத்துக்கு 30 மீட்டர் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 190 சுற்று வைக்க வேண்டும். இந்தக் கணக்கை அவர் தாளில் போட்டதே இல்லை. சத்தத்தைக் கேட்டே வைத்துவிடுவார். முதலாளி கணினிக் கட்டளையில் ஓடும் சி.என்.சி. மெஷின் வாங்கப்போகிறார் என்று செய்தி வந்தது. மறுவாரமே மனைவியின் வளையலை அடகு வைத்துத் தனியார் நிலையம் ஒன்றில் ஆறு மாதப் படிப்பில் சேர்ந்துவிட்டார். சொல்லிக்கொடுத்தது என்ன தெரியுமா? கணினியில் படம் வரைவது! மெஷின் வந்து இறங்கியது. கண்ட்ரோல் பேனல் முன்னால் நின்றால் கை ஓடவில்லை. முதல் நாளே ப்ரோகிராமில் விட்டத்துக்கு எக்ஸ் 50 என்று போட்டுத் தசமப் புள்ளியை விட்டுவிட்டார். புள்ளி இல்லாத 50 பல கண்ட்ரோல்களில் 0.05 மில்லிமீட்டர் ஆகிவிடும். டூல் நேரே மையத்தை நோக்கிப் பாய்ந்தது. டூலின் வெட்டு முனையான இன்செர்ட் நொறுங்கியது, சக் பிடியில் இருந்த பீஸும் போயிற்று.

அவருக்குத் தேவைப்பட்டது நாலைந்து விஷயம்தான். ஒர்க் ஜீரோ, அதாவது பீஸில் அளவு தொடங்கும் புள்ளி, எடுப்பது. டூல் ஆஃப்செட், அதாவது ஒவ்வொரு டூலின் அளவு வித்தியாசம், போடுவது. விட்டம் 0.03 மில்லிமீட்டர் கூடுதலாக வந்தால், தேய்மானத்தைச் சரிக்கட்டும் வேர் ஆஃப்செட்டில் மைனஸ் 0.03 கொடுப்பது. ஜி 96 என்ற கட்டளை போட்டால் வெட்டு வேகம் மாறாமல் மெஷினே சுற்றைப் பார்த்துக்கொள்ளும்; ஆனால் ஜி 50 கட்டளையில் உச்ச வேகத்தைக் கட்டிவைக்காவிட்டால், ஃபேசிங்கில், அதாவது பீஸின் முகப்பை வெட்டும்போது, மையத்தை நெருங்க நெருங்கச் சுற்று ஏறிக்கொண்டே போகும் என்று தெரிந்திருப்பது. டூல் நகரும் வேகமான ஃபீடும் வெட்டு ஆழமும் அவர் விரல் நுனியில் இருந்தவை. ‘உனக்கு என்ன தெரியும், என்ன மெஷின் வருகிறது, நடுவில் எது மட்டும் குறைகிறது’ என்று உட்கார வைத்துக் கேட்க ஓர் ஆள் இருந்திருந்தால் வளையல் வீட்டில் இருந்திருக்கும்.

அந்த ஆள் எங்கே? மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் என்று பலகை இருக்கிறது. அது திறந்திருக்கும் நேரத்தில் நாம் மெஷினில் நிற்கிறோம். ‘நான் முதல்வன்’ 2022 மார்ச்சில் வந்தது. நல்ல திட்டம், மனதாரப் பாராட்டுகிறேன். அது மாணவர்களை மனதில் வைத்து வந்தது. 71 அரசு ஐ.டி.ஐ.களில் சுமார் 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் நவீன இயந்திரங்கள் வந்திருக்கின்றன. அவையும் நம் மக்கள் சொத்துதானே? பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1975-ஆம் ஆண்டு 142-ஆம் உடன்படிக்கை, தொழில் வழிகாட்டுதல் சிறுவர், இளைஞர், வயது வந்தோர் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்கிறது. இந்தியா 2009-இல் அதை ஏற்று உறுதிசெய்திருக்கிறது. சிங்கப்பூர் 2024-இல் நாற்பது வயதைக் கடந்த குடிமக்களுக்கென்றே பயிற்சிக் கணக்கில் 4,000 சிங்கப்பூர் டாலர் கூடுதலாகப் போட்டது.

தாள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலையை விடும்போது அனுபவச் சான்றிதழில் ‘ஊழியர்’ என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். எந்த மெஷின், எந்த வேலை, எத்தனை ஆண்டு என்று எழுதி வாங்குங்கள். ஆதாரிலும் பி.எஃப். கணக்கிலும் பெயர், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வேலை மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தையும் பென்ஷன் பங்கையும் உருவிவிடாதீர்கள். புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். பென்ஷனுக்குப் பத்தாண்டு சேவை வேண்டும். உருவினால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். வகுப்புக்குப் போகாமல் கையால் கற்றவர்களுக்கு ‘முன்கற்றல் அங்கீகாரம்’ என்று ஒரு தேர்வு உண்டு. அதில் உங்கள் தொழிலுக்கு நேரான பிரிவு எது என்று விசாரித்த பிறகே விண்ணப்பியுங்கள். இங்கேயும் அதேதான், ஆழம் தெரியாமல் காலை விடாதே.

பெண்கள் திரும்பி வருவது பற்றிப் பேசத் தலைவர் நேரம் தரவில்லை, துண்டுச்சீட்டு வந்துவிட்டது. ஒன்று மட்டும்: அரசு ஐ.டி.ஐ.யில் ஆண்களுக்குத்தான் நாற்பது என்ற வரம்பு. பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை, சகோதரிகளே.

அம்மையார் அவர்களே, எங்கள் கோரிக்கை இதுதான். ஞாயிறு காலை 10 முதல் 1 வரை, புதன் மாலை 6 முதல் 8 வரை மையத்தைத் திறக்க வேண்டும். பட்டறை தெரிந்த ஒரு வழிகாட்டி இருக்க வேண்டும். ஒருவருக்கு நாற்பது நிமிடமாவது ஒதுக்கி, பேசியதைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். மறுமுறை வருபவர் முதலிலிருந்து கதை சொல்லக் கூடாது. ஐ.டி.ஐ. பயிற்சிக்கூடத்தை வாரம் இரண்டு மாலை எங்களுக்கு விட வேண்டும்.

மனு வாசல் மேசையில் இருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் உங்கள் தொழிலையும் ஷிப்டு நேரத்தையும் மறக்காமல் எழுதுங்கள். இரவு ஷிப்டுக்காரர்கள் அதிகம் என்றால் புதன் மாலையை வேறு நேரத்துக்கு மாற்றிக் கேட்போம். நன்றி, வணக்கம்.