வத்தல் வேறு, சயின்ஸ் வேறா?

(பாளையங்கோட்டைப் பக்கத்து மிஷன் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவில் பேசியது)

விழாத் தலைவர் சேகர குருவானவர் அவர்களே, தாளாளர் அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, அவசர வேலை இருந்தும் அரைமணி நேரம் நம்மோடு இருந்துவிட்டுப் புறப்பட்ட கல்வி அலுவலர் அவர்களே (போனவருக்கும் வணக்கம் சொல்லிவிடுவது நல்லது, மானியக் கோப்பு அவரிடம்தானே இருக்கிறது), சபை மன்றத்துப் பெரியவர்களே, ஊர்ப் பெருமக்களே, ஆசிரியர்களே, கடைசி வரிசையில் இடம் கிடைக்காமல் வேப்பமரத்தடியில் நிற்கும் பெற்றோர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய தாளாளர் ஐயாவுக்குத் தனி நன்றி. வீட்டில் ஏற்கெனவே ஒரு பீரோ நிறைய இருக்கிறது. அடுத்த ஆண்டு அந்தக் காசுக்கு நூலகத்தில் நாலு புத்தகம் வாங்கிப் போடுங்கள்.

'கிறிஸ்தவப் பள்ளியின் நோக்கமும் விழுமியங்களும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். ஒன்று, புரிந்து படிப்பது. இரண்டு, ஒழுக்கம். மூன்று, விளையாட்டுத் திடல். முதல் செய்திக்கு ஒரு கதை இருக்கிறது.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பையன், ஐந்தாம் வகுப்பு, ஆங்கில வழி. எந்தப் பள்ளி என்று சொல்ல மாட்டேன். பரீட்சைக்கு முந்தின நாள் மொட்டை மாடியில் நடந்துகொண்டே 'எவாப்பரேஷன், எவாப்பரேஷன்' என்று உருப்போடுகிறான். அங்கேயே அவன் ஆச்சி பழைய வேட்டியை விரித்துக் கூழ்வத்தல் பிழிந்துகொண்டிருக்கிறாள். "என்னல சொல்லுத?" என்று கேட்டாள். "தண்ணி ஆவியாப் போறது ஆச்சி" என்றான். "அதான் இந்த வத்தல் காயுதே, அதுவா?" என்றாள். பையன் என்ன சொன்னான் தெரியுமா? "இல்ல ஆச்சி. அது வத்தல். இது சயின்ஸ்."

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஆச்சி விடவில்லை. மாடிக் கைப்பிடிச்சுவர் ஓரமாக என்னைக் கூப்பிட்டு நியாயம் கேட்டாள். "வாத்தியாரே, நீங்க சொல்லுங்க. மேகமா இருந்தா வத்தல் காயுமா? வெயில் உறைச்சா ஒரே நாள்ல காயும். காத்தடிச்சா இன்னும் சீக்கிரம். மழைக்கால ஈரத்துல நாலு நாள் கெடந்தாலும் பூசணம்தான் பிடிக்கும். மெல்லிசாப் பிழிஞ்சா காயும், கட்டியா வச்சா நாறும்." பையனின் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ஆவியாதலின் வேகத்தை மாற்றும் காரணிகள் நான்கு போட்டிருந்தது: வெப்பம், காற்று, ஈரப்பதம், பரப்பளவு. நான்கையும் ஆச்சி வரிசையாகச் சொல்லிவிட்டாள்! அவள் படித்தது கிராமத்து மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு, தமிழில். பேரன் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டான். வத்தலைப் பற்றிய கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

நம் பள்ளிகள் இப்படியா தொடங்கின? 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார் மிஷனரி சீகன்பால்க். ஜெர்மானியர், ஊர் டேனிஷ்காரர்கள் கையில். அவர் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரவழைத்து, அந்தச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுதிப் பழகியது. ஒன்பது ஆண்டுக்குள் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது. நம் பாளையங்கோட்டைக்கு 1820இல் வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர், பள்ளிப் பிள்ளைகளுக்காகப் புவியியலைத் தமிழில் எழுதினார், தமிழுக்கு இலக்கணமும் எழுதினார். வெள்ளைக்காரருக்கு இருந்த துணிவு நமக்கு ஏன் இல்லை?

"கதை, சமயம் எல்லாம் சரி, விஞ்ஞானம் தமிழில் வருமா?" என்று கேட்பவர்கள் கடல் தாண்டிப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு 1847இல் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் கற்பித்தார். அப்புறம் யோசித்தார். 1864 முதல் தமிழுக்கு மாறினார். உடற்கூறு, அறுவை மருத்துவம், மகப்பேறு எல்லாம் தமிழ்ப் பாடம். அவருடைய கல்லறை அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் இருக்கிறது. தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று அதில் பொறித்திருக்கிறார்கள், அவர் விருப்பப்படியே.

அதே யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் நடத்திய உயர்கல்விக்கூடமான வட்டுக்கோட்டைச் செமினரி ஆங்கிலத்தில் நடந்ததே என்று நம் தாளாளர் ஐயா கேட்கலாம், படித்தவர். நடந்தது. அங்கே படித்த சி. வை. தாமோதரம் பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். ஆனால் அங்கே தமிழும் அழுத்தமாகக் கற்பித்தார்கள். அதனால்தான் அவர் பின்னாளில் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஆங்கிலத்தை ஒரு பாடமாக, பிள்ளை வாய் திறந்து பேசும்படி நன்றாகச் சொல்லிக்கொடுங்கள். கணக்கையும் அறிவியலையும் அதற்குள் பூட்டி வைக்காதீர்கள். பீடி சுற்றிச் சேர்த்த காசை ஆங்கில வழிக்குக் கட்டிவிட்டு, பிள்ளையின் வீட்டுப்பாடத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நிற்கும் தாய்மார்கள் இந்த வேப்பமரத்தடியில் எத்தனை பேர்!

'கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்' என்று வாசல் வளைவில் எழுதியிருக்கிறோம். நம் பாளையங்கோட்டையில் அதற்கு என்ன பொருள் இருந்தது? மிஷனரிகளான ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளுக்கும், ஸ்வெயின்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்கும் 1900க்கு முன்பே இங்கே பள்ளி தொடங்கினார்கள். பிள்ளைக்கு எந்த வழியில் புரியுமோ அந்த வழியைத் தேடிப் போனார்கள். விரலால் தடவிப் படிக்கும் பிள்ளைக்கு எழுத்தைப் புள்ளியாக்கினார்கள். வாய் பேசும் பிள்ளைக்கு அதன் வீட்டு மொழியில் பாடம் சொல்ல நமக்கு மட்டும் என்ன கஷ்டம்? சுரைக்காயை ஏட்டிலேயே வைத்திருக்கவா இத்தனை பேர் கப்பலேறி வந்தார்கள்?

இரண்டாவது செய்தி ஒழுக்கம். ஆனால் நேரமாகிவிட்டது என்று துண்டுச்சீட்டு வந்துவிட்டது, அதை மீற முடியாது. ஒழுக்கத்தையும் திடலையும் பற்றித் தனியாக எழுதித் தருகிறேன்.

ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு உட்காருகிறேன். வருகிற ஜூனில் ஆறாம் வகுப்புத் தமிழ்வழிப் பிரிவை மூடப் போவதாகப் பேச்சு இருக்கிறது. தாளாளர் ஐயா, மூடாதீர்கள். பெற்றோருக்கும் ஒரு விவரம். அரசு உதவிபெறும் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்வழியில் படித்த பிள்ளை கல்லூரிக்குப் போனால், பெண்ணோ பையனோ, மாதம் 1,000 ரூபாய் அரசு தருகிறது. அரசு வேலையில் தமிழ்வழி படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை, 2010லேயே சட்டம் வந்துவிட்டது. இதை யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் பந்தல் வாசலில் ஒரு நோட்டுடன் உட்கார்ந்திருக்கிறார். பிரிவு தொடர வேண்டும் என்பவர்கள் பெயரும் பிள்ளையின் வகுப்பும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பேனா அவரிடம் இருக்கிறது. பரிசு வாங்கும் பிள்ளைகள் ரொம்ப நேரமாக வெயிலில் நிற்கிறார்கள், முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள். நன்றி, வணக்கம்.