புதுத் தொழில் வந்தா முதல் நாளே எடுக்கணுமா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

சரி, இந்தக் கேள்வி ரெண்டு நாளா மண்டைக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கு. ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணா, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆன்லைன் கேம்ல இன்ஸ்கிரிப்ஷன்ங்கிற எழுத்துத் தொழில் வந்தப்ப நீங்க ஆடிக்கிட்டு இருந்ததா சொன்னீங்க. கேம்ல புதுசா ஒரு கைத்தொழில் விட்டா, முதல் நாளே எடுத்தவனுக்குத்தான் காசா? பொறுத்து எடுத்தா போச்சா?"

ஆடினேன் தம்பி. தலையில துண்டும் போட்டுக்கிட்டேன்.

2008 அக்டோபர். லிச் கிங்னு கேமோட பெரிய புதுப் பாகம் (எக்ஸ்பேன்ஷன்) நவம்பர்ல. அதுக்கு ஒரு மாசம் முன்னாடி வந்த பேட்ச்லயே, அதாவது சின்ன அப்டேட்லயே, இந்தத் தொழிலைத் திறந்து விட்டுட்டாங்க. வேலை என்னன்னா, ஒரே வகை மூலிகை அஞ்சு எடுத்து அரைக்கணும். சாயப்பொடி வரும். பொடியில மை பண்ணணும். அந்த மையையும் கடையில வாங்கின தாளையும் வச்சு கிளிஃப்னு ஒரு மந்திரக் குறி எழுதணும். வாங்கறவன் அதைப் பதிச்சுக்கிட்டா அவன் வித்தை கொஞ்சம் மாறும், பலம் கூடும்.

ஒரு கேரக்டருக்கு முதன்மைத் தொழில் ரெண்டுதான். என்கிட்ட மூலிகை பறிக்கிறதும் தையலும் இருந்துச்சு. நான் எதை விட்டேன்? மூலிகையை! அதுல திறமையை 375 வரைக்கும் ஏத்தி வச்சிருந்தேன். அப்பல்லாம் விட்டா அத்தனையும் போச்சு, திரும்ப எடுத்தா ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கணும். இலை அரைக்கப் போறவன் இலை பறிக்கிறதை விடுவானாய்யா? விட்டேன்.

அன்னைக்கு ராத்திரி ஆக்‌ஷன் ஹவுஸ்ல (கேமுக்குள்ள இருக்கிற ஏலக்கடை) பார்க்கிறேன், பீஸ்ப்ளூம், சில்வர்லீஃப்னு சாதா மூலிகை எல்லாம் யானை விலை. ஆரம்ப ஊர்ல புல்லு மாதிரி முளைக்கிறது அது, யாரும் சீண்ட மாட்டாங்க. ஆனா எல்லாரும் ஒண்ணுலேர்ந்து ஏறணும், எல்லாருக்கும் அதே இலைதானே வேணும்? சேர்த்து வச்ச கோல்டு அத்தனையும் காலி. வித்தது யாரு தெரியுமா? எங்க கில்டுல, அதாவது நாங்க சேர்ந்து ஆடற குழுவுல, லெவல் பன்னெண்டுல இருந்த ஒரு பொடியன். "அண்ணே, இன்னும் ரெண்டு ஸ்டாக் அனுப்பட்டுமா"ன்னு மெசேஜ் வேற.

ஆக முதல் நாள் காசு இலை பறிச்சவனுக்கு. ஆனா சீக்கிரம் எடுத்ததுல ஒரு நல்லதும் இருந்துச்சு. அப்ப ஆராய்ச்சின்னு ஒண்ணு இருந்துச்சு, ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பண்ணலாம், ஒரு புது கிளிஃப் செய்முறை கிடைக்கும். அதைக் காசு கொடுத்து வேகப்படுத்த முடியாது. முன்னாடி வந்தவன் கையில அத்தனை செய்முறை கூடுதலா இருக்கும். நோட் பண்ணிக்கோங்க.

ஆனா தம்பி, நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது இல்ல. ரெகுலரா பார்க்கிறவங்களுக்கு நான் எங்க வர்றேன்னு தெரிஞ்சிருக்கும். சிரிக்காதீங்க. ஆமா, டீக்கடையா, பாத்திரக்கடையா?

பாத்திரம் ஒரு தடவை வாங்கினா முடிஞ்சுது, பேரன் கல்யாணம் வரைக்கும் வரும். டீ குடிச்சா தீர்ந்துடும், சாயங்காலம் திரும்ப வருவான். கேம்ல கத்தி அடிக்கிறவன் பாத்திரக்கடை. மருந்து காய்ச்சற ஆல்கெமிஸ்ட் டீக்கடை.

2008ல கிளிஃப் நல்ல டீக்கடை. ஏன்னா ஒண்ணு இருக்கிற இடத்துல வேற கிளிஃப் பதிச்சா பழசு அழிஞ்சுடும். அதே பழசு நாளைக்கு வேணும்னா திரும்ப வாங்கணும். பெரிசு மூணு, சின்னது மூணு, ஆளுக்கு ஆறு. 2009 ஏப்ரல்ல ரெட்டை ஸ்பெக் வந்துச்சு, அதாவது ஒரே கேரக்டர் ரெண்டு விதமான வித்தை அமைப்பை மாத்தி மாத்தி ஆடலாம், ரெண்டுக்கும் தனித்தனி கிளிஃப், ஆறு பன்னெண்டாச்சு. விட்ட கோல்டு எல்லாம் அந்த வருஷம் வட்டியோட வந்துச்சு எனக்கு. பறிக்கத் தெரியாமலே!

2010 அக்டோபர் பேட்ச்ல ஒரு வரி மாத்தினாங்க. கிளிஃபை ஒரு தடவை படிச்சா போதும், அந்தக் கேரக்டருக்கு அது எப்பவும் தெரியும். அந்த மாசம் விழுந்து விழுந்து வாங்கினாங்க. நானும் ராத்திரி பகலா மை அரைச்சு ஆயிரக்கணக்குல எழுதிக் குவிச்சேன். நான்தான் புத்திசாலின்னு நினைப்பு. எல்லாரும் ஒரு தடவை வாங்கி முடிச்சாங்க, அவ்வளவுதான், டீக்கடை பாத்திரக்கடை ஆயிடுச்சு. நான் கவனிக்கவே இல்ல. வருஷக்கணக்கா ஊருக்கு உபதேசம் பண்ணிக்கிட்டு இருக்கிற ஆள் நான்!

மிச்சமான கிளிஃப் எல்லாம் அப்படியே கேம் பேங்க்ல கிடந்துச்சு. 2016ல லீஜன்ங்கிற எக்ஸ்பேன்ஷன் வந்தப்ப பலம் தர்ற கிளிஃபை எல்லாம் எடுத்துட்டு, தோற்றத்தை மாத்துறதை மட்டும் வச்சுக்கிட்டாங்க. ரொம்ப நாள் கழிச்சுப் பேங்கைத் திறந்து பார்த்தா, 'கருகின கிளிஃப்'னு வரிசையா சாம்பல் நிறத்துல நிக்குது, அதாவது வெறும் குப்பை. கடைக்காரர்கிட்ட மொத்தமா தள்ளிட்டு வந்தேன்.